பூக்காரர் வளர்த்த பெரணி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சத்தம் போடக் கதைக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கிறார்.

அவர் பேர் சோலைமலை. பூச்சந்தையில் ஏலம் விடுகிறவர். விடிகாலையில் அவர் மல்லிக்கு விலை கூவினால் அடுத்த தெருவில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும்.

ஒரு சனிக்கிழமை அவர் சிறுமலைக்கு மேலே வந்தார். அங்கே ஒரு சுனை உண்டு. சுனைக்கரையில் ஓடு வேய்ந்த சின்ன மடம். மடத்தில் ஒரு சாமியார், சுனைச்சாமி என்பார்கள். வயதில் சோலைமலைக்கு இளையவர். அவருக்கு ஞானம் எவ்வளவு என்று எனக்கு அளக்கத் தெரியாது. கோபம் நிறைய உண்டு. மடத்தில் சமைத்துப் போடுகிற நாச்சம்மாவுக்கு அதைவிட ஒரு பிடி கூடவே உண்டு.

சோலைமலை தோளில் துண்டு போட்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"கும்பிடுறேன் சாமி. சுனையில ஒரு முழுக்குப் போடணும்."

"போடுங்களேன். கொஞ்சம் வெயில் ஏறட்டும். தண்ணி விறைக்கும்."

"குளிக்க இல்ல சாமி. தலைமுழுக."

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரை?"

"என் மகனை."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தலையோடு முழுகி எழுந்தால் உறவு அறுந்தது. செத்த வீட்டுக்குப் போய் வந்து முழுகுகிற மாதிரிதான். ஆள் மட்டும் உயிரோடு இருப்பான்.

"அதுக்கு மலையேறி வரணுமா? உங்க ஊர்ல தண்ணி இல்லையா?"

"ஆத்துல இல்ல சாமி. குழாய்த் தண்ணியில முழுகினா செல்லாதுன்னு எங்க மச்சினன் சொல்லிட்டான். ஊத்துத் தண்ணியா இருக்கணுமாம்."

"மச்சினன் சொல்லிட்டான்." சாமி அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் மென்றார். "மகன் என்ன பண்ணினான்? குடிக்கிறானா? கை நீட்டிட்டானா?"

"அப்படி ஏதாவது பண்ணியிருந்தா அடிச்சுத் திருத்தியிருப்பேன். இவன் ஆரி வேலை பண்றான் சாமி."

"அப்படின்னா?"

"கல்யாணப் பொண்ணுக ரவிக்கையில ஜரிகை வேலை. சட்டத்துல துணியை இழுத்துக் கட்டிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம, ஊசியை வச்சுக்கிட்டுப் பூப் போடுறான். நான் பூ விக்கிறவன். என் மகன் நூல்ல பூப் போடுறான். சந்தையில என் காதுபடச் சிரிக்கிறானுக."

"நல்லாப் போடுறானா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் பாக்குறதில்ல."

"சந்தைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தீங்களா?"

"கூட்டிட்டுப் போனேன். ஏலத்துல நிக்க வச்சேன். வாயே திறக்கல. என் குரல் இல்ல, என் நடை இல்ல, என் கோபம்கூட இல்ல. திட்டினா சிரிக்கிறான். ஒரு சாயல், ஒரே ஒரு சாயல் இருந்தா நான் பொறுத்துக்குவேன். நான் போட்ட விதை முளைக்கல. வேற என்னமோ முளைச்சு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. தைக்குள்ள வெளிய போயிடுன்னு சொல்லிட்டேன். முழுகிட்டா மனசு ஆறிடும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"சரி."

சோலைமலை துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார்.

"இருங்க, பூக்காரரே. சுனைக்குக் கூலி உண்டு."

"என்ன வேணும்னாலும் கேளுங்க."

சாமி சுனைக்கரையைக் காட்டினார். ஈர மண்ணில் பெரணி மண்டிக் கிடந்தது.

"அதுல ஒண்ணை ஒரு தொட்டியில வளர்த்துக் குடுங்க. குடுத்துட்டு முழுகுங்க. நான் தடுக்க மாட்டேன்."

சோலைமலை சிரித்துவிட்டார். செடி கொடியோடு புரண்ட ஆளிடம் செடி கேட்டால் சிரிக்க மாட்டாரா?

"விதை குடுங்க சாமி."

"விதை கிடையாது."

"பூத்த பிறகு எடுத்துக்கவா?"

"பூக்காது."

"காய்?"

"பூக்காததுல காய் எங்கே இருந்து வரும்?"

"பூக்காத செடியை ஆண்டவன் எதுக்குப் படைச்சான்?"

"உங்க கடைக்கு அனுப்ப இல்லைன்னு மட்டும் தெரியுது."

சாமி ஒரு இலையை ஒடித்துக்கொண்டு வந்தார். நடுவில் நீளமாக ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி கீற்றுகள். அத்தனையும் சேர்ந்து ஒரே இலைதான். தண்டு என்று மேலே ஒன்றும் தெரியாது. அது மண்ணுக்குள் கிழங்கு மாதிரி கிடக்கும், இலை மட்டும் வெளியே வரும். புதுத் துளிர் மரவட்டை சுருண்ட மாதிரி வந்து மெல்ல மெல்லப் பிரியும்.

சாமி இலையைத் திருப்பினார். கீற்றுகளின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது, புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி. நகத்தால் அந்த மடிப்பை நிமிர்த்தினார். உள்ளே பழுப்பாக மூக்குப்பொடி போலத் தூள்.

"இதுதான். மண்ணுல தூவுங்க. ஈரம் காயக் கூடாது. கரையில இருக்கிறதைப் புடுங்கி நடக் கூடாது. இந்தத் தூள்ல இருந்துதான் வரணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அதுக்கு எப்போ இஷ்டமோ அப்போ."

நாச்சம்மா அடுப்படியில் இருந்து தலையை நீட்டினார். "விதை இல்லாத வெள்ளாமைக்கு நான்தான் தண்ணி ஊத்தணும்னு சொல்லுங்க."

சோலைமலை தொட்டியைச் சும்மா வைக்கவில்லை. செங்கல்லைத் தூளாக்கி, ஆற்றுமணலும் இலைமக்கும் சலித்துக் கலந்து, தூளைத் தூவி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை மூடி மடத்து நிழலில் வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தட்டு வைக்கிற மாதிரி அத்தனை சுத்தம். பிறகு சனிக்கிழமை தவறாமல் மலையேறி வந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். மூடுவார். ஒரு வாய் மோர் குடிப்பார். போய்விடுவார்.

சில வாரம் கழித்து மண்மேல் பச்சையாக ஒரு படலம் படிந்தது.

சந்தையில் ஏலத்துக்கு முன்னால் முதல் வேலை கழிவு பிரிப்பது. நசுங்கினது, பழுத்தது, இலை, தூசி எல்லாவற்றையும் ஒதுக்கினால்தான் கூடைக்கு மதிப்பு. அது அவர் கைக்குப் பழகிப் போன வேலை. நாச்சம்மாவிடம் ஒரு கரண்டியை வாங்கினார். பாசியை வழித்தார். புதுசாகத் தூள் தூவினார். சாமி வந்து எட்டிப் பார்த்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது.

"என்ன, வழுக்கைத் தலை மாதிரி வச்சிருக்கீங்க?"

"வரும் சாமி."

அடுத்த முறையும் படலம். அடுத்த முறையும் கரண்டி. அடுத்த முறையும் சாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

"கிணத்துச் சுவர்ல முளைக்குது. ஓட்டு இடுக்குல முளைக்குது. நான் மூஞ்சி கழுவுற கல்லுல முளைக்குது. உங்க கையில மட்டும் ஏன்யா முளைக்க மாட்டேங்குது?"

"உங்க தூள்ல கோளாறா இருக்கும் சாமி."

"ஆமா. கோளாறு என் தூள்லதான்."

ஒரு சனிக்கிழமை சாமி எட்டிப் பார்த்தார். தொட்டியில் ஒரு பெரணி நின்றது. மூன்று இலை, வாட்டசாட்டமாக.

"வந்துடுச்சு சாமி," என்றார் சோலைமலை. துண்டு ஏற்கெனவே இடுப்பில் இருந்தது.

சாமி கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். வேரோடு வந்தது. அடியில் கிழங்கு, கிழங்கைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் அடர்த்தியாகச் செதில்.

"போன வாரம் இது பிறக்கவே இல்ல. அதுக்குள்ள மீசை எப்படி முளைச்சுது?"

சோலைமலை சுனையைப் பார்த்தார். நாச்சம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. அதற்கும் திட்டு சோலைமலைக்குத்தான் விழுந்தது.

சாமி அந்தச் செடியைக் கரையிலேயே கொண்டுபோய் நட்டுவிட்டு, கோபத்தோடு வாசல்வரை நடந்தார். வாசலுக்கு வெளியே ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். கல்யாண வயசுப் பையன். சாமியைப் பார்த்ததும் நிமிர்ந்து கும்பிட்டான்.

"யாருப்பா நீ?"

"ரத்தினவேல் சாமி. அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்."

"எந்த அப்பா?"

"உள்ள தொட்டி வச்சிருக்காரே, அவர்தான்."

சாமி ஒரு அடி கிட்டே வந்தார்.

"உங்கப்பா இங்கே எதுக்கு வர்றார்னு தெரியுமா?"

"தெரியும் சாமி. என்னைத் தலைமுழுக."

"தெரிஞ்சும் நீயேதான் வாரா வாரம் கூட்டிட்டு வர்றியா?"

"மலைரோட்டுல அவருக்கு வண்டி ஓட்ட வராது. வளைவுல பயப்படுவார். வெளிய சொல்ல மாட்டார்."

"உனக்குக் கோபமே வரலியா?"

பையன் சிரித்தான். சோலைமலை சொன்னாரே, அந்தச் சிரிப்பு.

"சுனைப் படி வழுக்கும்னு சொல்றாங்க சாமி. அவர் முழுகுற அன்னிக்குப் பக்கத்துல யாராவது நிக்கச் சொல்லுங்க. பையில மாத்து வேட்டி வச்சிருக்கேன். தைலமும் இருக்கு. தலை நனைஞ்சா அவருக்குச் சளி பிடிக்கும்."

சாமி உள்ளே வந்தார். மடத்துத் தூணை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"என்ன ஆச்சு?" என்றார் நாச்சம்மா.

"ஒண்ணுமில்ல. வெளிய நிக்கிற பையனுக்குக் காப்பி குடு. உள்ள இருக்கிறவருக்குக் குடுக்காதே."

அதற்குப் பிறகு புரட்டாசி வந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தையில் பூ மலை மாதிரி குவிந்தது. சோலைமலைக்கு மூச்சு விட நேரமில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு மலைரோட்டில் மண் சரிந்து கிடந்தது. தொட்டியைப் பார்க்க அவர் வரவே இல்லை. நாச்சம்மா மட்டும் தண்ணீர் தெளித்து வந்தார். மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மறுபடியும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சோலைமலை கண்ணாடியைத் தூக்கினார். தொட்டி முழுக்கப் பச்சை. இடுக்கு இல்லாமல் அப்பிக் கிடந்தது.

"அடச் சனியனே," என்றார். கரண்டி போதவில்லை. ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து வரட்டு வரட்டென்று சுரண்டி, சுரண்டினதை அதிலேயே அள்ளினார். பாதித் தொட்டி ஆகியிருக்கும். சாமி பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"பாசி எடுக்கிறேன் சாமி. கொஞ்ச நாள் வரல, அதுக்குள்ள பாருங்க, எப்படிப் பிடிச்சுக் கிடக்குன்னு."

"இதுக்கு முன்னாடியும் எடுத்தீங்களா?"

"வரும்போதெல்லாம் எடுப்பேன். அதுல நான் ரொம்பக் கரார்."

சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, மயக்கமா?"

"யோவ். பேசாதய்யா. கொஞ்ச நேரம் பேசாம இரு."

சோலைமலை பேசாமல் இருந்தார். அவருக்கு அது சுலபம் இல்லை.

சாமி கொட்டாங்குச்சியில் இருந்து ஒன்றை ஈர விரலில் ஒட்டி எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. வெற்றிலையைச் சின்னதாகச் சுருக்கின மாதிரி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரிந்தது. காம்பு இல்லை, கீற்று இல்லை, நரம்பு இல்லை. அடியில் மட்டும் முடி மாதிரி ரெண்டு வேர்.

"இது பாசியா?"

"பாசி இல்லாம? பெரணியா இது?"

"பெரணி இல்ல."

"பெரணி இல்லைல்ல? அப்ப எடுத்துப் போடுறதுதானே முறை?"

"நீங்க தூவின தூள் எங்கே போச்சுன்னு நினைச்சீங்க?"

சோலைமலை சாமியின் விரலைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான். பெரணித் தூள் பெரணியா முளைக்காது. இப்படித்தான் முளைக்கும். எல்லாப் பெரணிக்கும் இப்படித்தான். இது தனியா மண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா வாழும். மழையோ பனியோ மேல தண்ணி நின்னா, இதுக்கு அடியில இருந்து ஒரு பெரணி எந்திரிக்கும்."

"ஒரு சாயல்கூட இல்லையே சாமி."

"இல்ல."

"வளர்ந்தா வருமா?"

"வராது. இது கடைசி வரைக்கும் இதுதான். பெரணி ஆகாது. ஆகணும்னு அதுக்கு ஒண்ணும் தலையெழுத்தும் இல்ல."

சோலைமலை ரொம்ப நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. சாமி அதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்து, எழுந்து, வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினார். நாச்சம்மா இன்றைக்கு அவருக்கும் காப்பி உண்டு என்று பாலை அடுப்பில் வைத்தார்.

"புரிஞ்சு போச்சு சாமி," என்றார் சோலைமலை.

"என்ன புரிஞ்சுது?"

"பாசியைப் பொறுத்துக்கணும்."

"ம்."

"பொறுத்துக்கிட்டா, அதுக்குப் பின்னால நம்ம சாயல்ல ஒண்ணு எந்திரிக்கும். பேரன். என் குரலோட வருவான். என்னோட சந்தைக்கு வருவான். அதுவரைக்கும் இவனை ஒரு ஓரமா வீட்டுல வச்சுக்கலாம்னு சொல்றீங்க. தையில எதுக்கு வெளிய அனுப்பணும்? முதல்ல ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைப்போம். பேரன் வந்த பிறகு முழுகிக்கலாம். கணக்கு நல்லாத்தான் இருக்கு சாமி."

நாச்சம்மா அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டார்.

சாமி சோலைமலையை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி, கட்டின வேட்டியோடு சுனைப் படியில் இறங்கினார். முழங்கால் வரை, இடுப்பு வரை, மார்பு வரை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையோடு உள்ளே போனார்.

எழுந்து வந்தபோது தாடியில் இருந்து தண்ணீர் கொட்டியது. மழை பெய்த தண்ணீர், பல் கிட்டியிருக்கும்.

"என்ன சாமி இது, திடீர்னு?"

"தலைமுழுகினேன்."

"யாரை?"

"உங்களை."

சோலைமலை கேலி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னையா? சாமி, நான் ஆனியில இருந்து வர்றேன். வெயில்னு பாக்கல, வேலைன்னு பாக்கல. நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?"

"செஞ்சீங்க."

"மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசினேனா?"

"இல்ல."

"அப்ப நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒரு தப்பும் பண்ணல."

"அப்புறம் எதுக்குச் சாமி?" அந்தக் குரல் உடைந்தது. சந்தையில் அந்தக் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை.

"உங்ககிட்ட என் சாயல் இல்ல."

சோலைமலை துண்டின் இரண்டு நுனியையும் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார். வெளியே வாசலில் மகன் வண்டியில் ஒட்டின சேற்றை இலையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாமி அவரைத் தாண்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொட்டாங்குச்சியில் இருந்து அந்தப் பச்சைப் பொடிசுகளை ஒவ்வொன்றாக விரலில் ஒட்டி எடுத்து, சுரண்டின மண்மேல் திரும்ப வைக்கத் தொடங்கினார்.